கடல் கடந்த சிராவகர்

காந்தி என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் எழும் உருவம் ஒன்றே. ஆயினும் அதே கத்தியவார் மண்ணில், அவருக்கு ஐந்தாண்டுகள் முன்னர்ப் பிறந்து, அமெரிக்க மண்ணில் இந்தியாவின் பெருமையை எடுத்துரைத்த மற்றொரு காந்தியும் உண்டு. அவர்தாம் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. வடநாட்டு ஜைன இல்லங்களில் அவர் பெயர் நன்கு வழங்கி வருகின்றது. தமிழகத்து ஜைனராகிய நம்மிடையே 1893-ஆம் ஆண்டு சிகாகோ மாநாடு என்றால் விவேகானந்தரின் பெயரே முதலில் நினைவிற்கு வரும். அதே மேடையில், அதே நாட்களில், நம் ஜினதருமத்தின் சார்பில் ஓர் இளைஞர் நின்று பேசினார் என்பதை நம் இளந்தலைமுறையினர் பலர் அறியார்.

நம் பிள்ளைகளும் பெண்களும் படிப்பிற்காகவும் பணிக்காகவும் மேனாடு செல்வது இன்று இயல்பாகிவிட்டது. புறப்படுமுன் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை ஒருபோதும் விடலாகாது என்னும் வினா வீடுதோறும் எழுகின்றது. அவ்வினாவை மனத்திற்கொண்டே இப்பெருந்தகையின் வரலாற்றை எழுதப் புகுகின்றோம்.

வீர்சந்த் 1864-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள் பாவ்நகர் சமஸ்தானத்தைச் சார்ந்த மஹுவா என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் ராகவ்ஜி நகை வணிகர். பழைய மூடநம்பிக்கைகளுக்கு இடங்கொடாதவர். உள்ளூரில் தொடக்கக் கல்வியும் பாவ்நகரில் உயர்நிலைக் கல்வியும் முடித்து, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து, 1884-இல் சிறப்புடன் பி.ஏ. பட்டம் பெற்றார். ஜைனர்களுள் பட்டம் பெற்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்த காலம் அது. மறு ஆண்டே, இருபத்தொரு வயதில், இந்திய ஜைன சங்கத்தின் கௌரவச் செயலாளர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. பொறுப்பு என்றோமே தவிர, உண்மையில் அது பெருஞ்சுமை. அப்போது சத்ருஞ்சயத் திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர் ஒவ்வொருவரிடமும் பாலித்தானா மன்னர் இரண்டு ரூபாய் வரி வாங்கி வந்தார். ஏழைக் குடும்பங்கள் மலையடிவாரத்திலேயே தயங்கி நின்றன. இளைஞராகிய வீர்சந்த் ஆங்கில அரசியல் அதிகாரிகளையும் பம்பாய் ஆளுநர் ரே பிரபுவையும் கண்டு, வழக்கின் நியாயத்தை எடுத்துரைத்தார். 1886-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆண்டுக்கு 15,000 ரூபாய் மொத்தமாகச் செலுத்துவது, யாத்திரிகரிடம் தனித்தனியே வரி வாங்குவதில்லை என்பது அதன் சாரம். நாற்பது ஆண்டுகளுக்கு அது நடைமுறையில் இருக்க வகை செய்யப்பட்டது.

இந்நிகழ்ச்சியை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளை அதிகாரியின் அறைக்குள் எவ்வாறு நுழைவது, எப்போது அமர்வது, எவ்வளவு சுருக்கமாகப் பேசுவது, மறுப்பை எத்தகைய சொற்களால் மறுப்பது என்னும் பாடங்களை அவர் கப்பலேறுவதற்கு முன்னரே இங்குக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான அயலார் முன் கூசாமல் நிற்பதற்கு அப்பயிற்சி துணைசெய்தது என்பது நம் கருத்து.

அடுத்த வழக்கு இன்னும் கடுமையானது. தீர்த்தங்கரர் இருபதின்மர் வீடுபேறு எய்திய சம்மேத சிகரத்தை அறியாத ஜைனர் யார்? 1891-ஆம் ஆண்டு, அத்திருமலையில் ஓர் ஆங்கிலேயர் பன்றிக் கொழுப்பு எடுக்கும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். சமூகமே துடித்தது. கீழ்நீதிமன்றத்தில் நியாயம் கிட்டவில்லை. மேல்முறையீட்டிற்காக வீர்சந்த் கல்கத்தா சென்றார். பழைய ஆவணங்கள் வங்காள மொழியில் இருந்தன. பிறர் படித்துச் சொல்வதை நம்பி வாதிடுவதினும் தாமே படிப்பது நன்று எனத் துணிந்து, சில மாதங்கள் அந்நகரிலேயே தங்கி வங்காளம் கற்றார். ஆவணங்களைத் தம் கண்ணாலேயே ஆராய்ந்தார். தொழிற்சாலை மூடப்பட்டது. மலை ஜைனரின் புனித இடமென்பது நிலைநாட்டப்பட்டது. வேற்று மண்ணில் ஒரு காரியத்தைச் சாதிக்க வேண்டுமாயின் அம்மண்ணின் மொழியை முதலில் கற்க வேண்டும் என்னும் உண்மையை அவர் இந்திய எல்லைக்குள்ளேயே கண்டுகொண்டார்.

இதே காலத்தில் அவர் பம்பாயில் சொலிசிட்டர் தேர்விற்கும் படித்துக்கொண்டிருந்தார். 1891-இல் இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய மோகன்தாஸ் காந்தி அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் நண்பராயினர். உணவைப் பற்றிய சோதனைகளை இருவரும் சேர்ந்தே நடத்தினர். பெரோஸ்ஷா மேத்தா போன்ற வழக்கறிஞர் பெருமக்களின் ஆற்றலைப் பற்றி வீர்சந்த் கூறிய செய்திகள், வழக்கின்றி வாடியிருந்த இளம் பாரிஸ்டரைச் சற்றே நடுங்கச் செய்தன என்பதை மகாத்மா தம் சுயசரிதையில் பதிவு செய்துள்ளார். மூன்றாண்டுகள் இலண்டனில் வாழ்ந்து திரும்பியவரும், இரண்டே ஆண்டுகளில் கடல் கடக்கப் போகின்றவரும் ஒரே உணவுச் சோதனையில் அமர்ந்திருந்தபோது அயல்நாட்டு வாழ்வைப் பற்றிப் பேசாதிருந்திருப்பார்கள் என்று நம்மால் எண்ண இயலவில்லை. ஆதலின், மோகன்தாஸின் அனுபவத்தையும் இங்குச் சற்று விரித்துரைப்பது பொருந்தும். அதில் ஜைனர் இருவரின் பங்கும் உண்டு.

1888-ஆம் ஆண்டு மோகன்தாஸ் இங்கிலாந்து செல்ல விரும்பியபோது அன்னையார் தயங்கினார். ஜைன முனிவரான பேசர்ஜி சுவாமிகளே அத்தயக்கத்தைத் தீர்த்து வைத்தவர். மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் விரதத்தை அவர் அவ்விளைஞருக்கு அளித்தார்; அதன் பின்னரே அன்னை விடை கொடுத்தார். ஆனால் பம்பாயில் சாதிப் பெரியோர் கூடி, கடல் கடப்பது குலத்திற்கு இழுக்கு எனக் கூறி அவரை விலக்கி வைத்தனர். அவரை வழியனுப்பச் செல்வோர்க்கு ஒரு ரூபாய் நான்கு அணா தண்டம் விதித்தனர். அவர் அஞ்சவில்லை, செப்டம்பர் 4-ஆம் நாள் கப்பலேறினார்.

கப்பலில் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. கத்தியையும் முள்கரண்டியையும் கையாளத் தெரியாது. எப்பண்டத்தில் புலால் கலந்துள்ளது எனப் பணியாளரைக் கேட்க நா எழவில்லை. கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டு நாட்களைக் கடத்தினார். கரையிறங்கும்போது அணிய வேண்டுமெனப் பத்திரப்படுத்திய வெள்ளை உடையை அணிந்து இறங்கினார். செப்டம்பர் இறுதி, குளிர் தொடங்கிவிட்ட பருவம், துறைமுகத்தில் வெள்ளை அணிந்தவர் அவர் ஒருவரே. பெட்டிகளோ முகவரிடம் இருந்தன, மறுநாள் ஞாயிறு, திங்கள் வரை அவ்வுடையிலேயே இருக்க நேர்ந்தது.

அன்றிரவு விக்டோரியா விடுதிக்கு அவரைக் காண வந்தவர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. அவர் மோர்வியைச் சார்ந்த ஜைனர். ஸ்ரீமத் ராஜசந்திரருக்கு மனைவி வழியில் நெருங்கிய உறவினர். பேச்சினிடையே மோகன்தாஸ் அவருடைய பட்டுத் தொப்பியை எடுத்து, அதன் பளபளப்பில் மயங்கி, கையால் எதிர்த்திசையில் தடவினார். மென்மயிர் கலைந்தது. டாக்டர் சற்றே சினந்து தடுத்தார். பின்னர்ப் பொறுமையாக அமர்ந்து அந்நாட்டு நடைமுறைகளை எடுத்துரைத்தார். பிறர் பொருளைத் தொடலாகாது. முதன்முதல் சந்திக்கும் ஒருவரிடம் இந்தியாவில் கேட்பது போல அடுக்கடுக்காக வினாக்கள் கேட்கலாகாது. உரத்த குரலில் பேசலாகாது. பேசும் ஒவ்வொருவரையும் ஐயா ஐயா என விளிக்கவும் வேண்டா. அங்கு அவ்வாறு விளிப்போர் ஏவலரும் கீழ்ப்பணியாளருமே.

இப்பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் நம் ஊர் வழக்கிற்கு நேர் எதிரானதாக இருப்பதைக் காண்க. நம் சிற்றூரில் புதிதாக வந்தவரிடம் எந்த ஊர், யார் மகன், எத்தனை பிள்ளைகள், என்ன வருமானம் என்று கேளாதிருப்பதே மரியாதைக் குறைவு. அங்கோ அவ்வினாக்களே மரியாதைக் குறைவு. இரண்டிலும் தீய எண்ணம் இல்லை. அறியாமல் செல்வோர்க்குத்தான் அல்லல். மேத்தா அதனைப் பழித்துரைக்காமல், முதல் இரவிலேயே சொல்லித் தந்தது பேருதவி என்போம்.

அவர் சொல்லித் தராத ஒன்றை மோகன்தாஸ் பட்டுத்தான் கற்றார். நண்பர் ஒருவர் நாடகத்திற்கு முன் ஹால்பர்ன் என்னும் பெரிய உணவகத்திற்கு அவரை அழைத்துச் சென்றார். முதலில் வந்த சூப்பு காய்கறியாலானதா என அறியப் பணியாளரை அழைத்தார் மோகன்தாஸ். நண்பருக்குப் பெருஞ்சினம். அவையறிந்து நடக்க இயலாவிட்டால் வெளியே போய் உண்டுவரலாம் என்னும் பொருள்படக் கூறிவிட்டார். மோகன்தாஸ் மகிழ்ச்சியோடே எழுந்தார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடியிருந்தது. பட்டினியோடு நாடகம் பார்த்தார். நட்பு குலையவில்லை என்பது இருவர்க்கும் பெருமை. ஆனால் இந்நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. விரதத்தைக் காத்தது பிழையன்று. அதனை விருந்து மேசையில் முதன்முதலாக வெளிப்படுத்தியதே சங்கடத்தை விளைத்தது. நம் நோன்பை விருந்திற்கு முன்னரே அழைப்பவருக்கு அறிவித்துவிட்டால் எவர்க்கும் மனவருத்தம் இல்லை.

அதன் பின் அவர் ஆங்கிலக் கனவானாக மாற முனைந்த கதை பலரும் அறிந்ததே. பத்தொன்பது ஷில்லிங்கிற்குத் தொப்பி, பத்துப் பவுனுக்கு மாலை நேர உடை, மூன்று பவுனுக்கு நடனப் பயிற்சி, மூன்று பவுனுக்கு வயலின், பேச்சுக்கலைக்கு ஒரு கினி. மூன்று மாதங்களில் அம்மயக்கம் தெளிந்தது. நடனத்தில் தாளம் பிடிபடவே இல்லையாம்! பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, இலண்டனுக்குப் படிக்கச் செல்லும் இந்திய மாணவர்க்கென உடை, உணவு, செலவு ஆகியவற்றை விளக்கி ஒரு வழிகாட்டி நூலையே அவர் எழுதினார். அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. பின்வருவோர் தம்மைப் போல் இடர்ப்படலாகாது என்னும் பரிவு அதில் தெரிகின்றது.

இனி வீர்சந்தின் பயணத்திற்கு வருவோம்.

கொலம்பஸ் அமெரிக்கா கண்டு நானூறு ஆண்டுகள் நிறைந்ததன் பொருட்டு 1893-இல் சிகாகோ நகரில் உலகப் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அதனையொட்டி அனைத்துச் சமயப் பேரவை கூட்டப்பட்டது. சுவேதாம்பர சங்கத்தின் தலைசிறந்த அறிஞரான ஆசாரியர் விஜயானந்த சூரி அவர்களுக்கு, ஆத்மாராம்ஜி என மக்கள் வழங்கும் அப்பெருமானுக்கு, அழைப்பு வந்தது. நம் முனிவர் ஊர்தி ஏறார் என்பதை அழைத்தவர் அறிவாரா? நடந்தே செல்லும் நெறியினர் கடலை எவ்வாறு கடப்பது? அன்றியும், பேரவை கூடும் செப்டம்பர் மாதமோ மழைக்கால நான்கு மாதத் தங்கலுக்கு உட்பட்டது. அடுத்த ஊருக்குச் செல்லவே விதியில்லை. எனினும் ஆசாரியர் அழைப்பைத் தள்ளிவிடவில்லை. வினா விடை வடிவில் ஒரு நூல் இயற்றினார். சிகாகோ பிரச்னோத்தரம் என்பது அதன் பெயர். தம் சார்பில் செல்ல வீர்சந்தைத் தேர்ந்தெடுத்து, பஞ்சாபில் தம்மிடம் தங்கச் செய்து, ஜைன தத்துவத்தில் அவருக்குப் பயிற்சியளித்தார்.

இது நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம். அயல்நாடு செல்வோர் அந்நாட்டுப் பழக்கங்களைக் கற்பதோடு நின்றுவிடுகின்றனர். வீர்சந்தோ முதலில் தம் சமயத்தையே மீண்டும் கற்றார். பட்டம் பெற்றவர், சங்கச் செயலாளர், இரு பெரும் வழக்குகளை வென்றவர். ஆயினும் ஆசாரியர் திருவடியில் அமர்ந்து மாணவராய்ப் பாடங்கேட்டார். அயலார் நம்மிடம் முதலில் கேட்பது நம்மைப் பற்றித்தான். நாம் ஏன் இரவில் உண்பதில்லை, கிழங்கை ஏன் விலக்குகின்றோம், உலகைப் படைத்தவன் என ஒருவனை ஏற்காமல் எவ்வாறு சமயம் நடத்துகின்றோம் என அவர்கள் கேட்குங்கால் விழிப்போமாயின், முள்கரண்டியை எத்துணை அழகாகப் பிடித்தாலும் பயனில்லை.

உணவிற்கும் அவர் முன்னேற்பாடு செய்துகொண்டார். சமைத்துத் தருவதற்கென்றே ஓர் உதவியாளரை உடன் அழைத்துச் சென்றார். மேனாட்டு ரொட்டியிலும் பலகாரத்திலும் பன்றிக் கொழுப்பும் முட்டையும் கலக்கும் வழக்கம் அன்று மிகுதி. கண்ணால் கண்டு அறிய இயலாது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பண்டத்தையும் ஐயுற்று வினவி, விருந்தளிப்பவரை நோகச் செய்வதினும், தம் உணவைத் தாமே பார்த்துக்கொள்வது நாகரிகம் எனக் கருதினார் போலும். உடையிலும் அவர் தெளிவாகவே இருந்தார். நீண்ட அங்கி, தோளில் சால்வை, பொற்கரையிட்ட கத்தியவார்த் தலைப்பாகை, நாட்டுக் காலணி. மோகன்தாஸ் மாணவராய்ச் சென்றவர். கூட்டத்தில் கலந்துவிட விரும்பியது இயல்பு. வீர்சந்த் ஒரு சமூகத்தின் சார்பாளராய்ச் சென்றவர். அவர் தோற்றமே ஒரு முன்னுரையாக அமைந்தது. இருவருள் எவர் செய்தது சரி என வழக்காடுவது வீண். செல்லும் நோக்கம் எதுவோ அதற்கேற்ப உடை அமைகின்றது.

சம்மேத சிகரத்தின் பன்றிக் கொழுப்புத் தொழிற்சாலையை எதிர்த்துப் போராடியவர் சென்றிறங்கிய நகர் எது? 1865 முதல் மாபெரும் கால்நடைக் கொட்டில்களைக் கொண்டு, பன்றியும் மாடும் கொன்று பதப்படுத்தும் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்ற சிகாகோ! பொருட்காட்சி காண வந்தோர் அக்கொலைக்களங்களையும் வேடிக்கை பார்த்துச் சென்றனர். அந்நகரின் நடுவே நின்றுதான் நம் இளைஞர் அகிம்சையை விளக்க வேண்டியிருந்தது. விருந்தளிக்கும் நகரத்தாரின் வாழ்தொழிலே உயிர்க்கொலை. அவர்களை இகழாமலும் வேண்டும், உண்மையை மறைக்காமலும் வேண்டும். இதனினும் கடினமான தேர்வு ஒரு விருந்தினருக்கு வாய்த்தல் அரிது.

பேரவை செப்டம்பர் 11 முதல் 27 வரை நடைபெற்றது. விவேகானந்தர், இலங்கையின் தர்மபாலர், பிரம்ம சமாஜத்து மஜும்தார் முதலியோர் வந்திருந்தனர். வீர்சந்துக்கு வயது இருபத்தொன்பது. ஜைனத்தின் தத்துவம், ஒழுக்கம், வரலாறு ஆகியவற்றைத் தெளிந்த ஆங்கிலத்தில் உரைத்தார். பிற சமயத்தைத் தாக்கிப் பேசலாகாது என்பது அவ்வவையின் நெறி. ஆயினும் பெந்தகோஸ்ட் என்னும் பெயருடைய பாதிரியார் ஒருவர் அந்நெறியை மீறி, இந்துக் கோயில்களையும் அங்குள்ள தேவதாசி முறையையும் இழித்துரைத்தார். வீர்சந்த் இந்து சமயத்தின் சார்பாளர் அல்லர். வாளாவிருந்திருக்கலாம், எவரும் குறை கூறியிரார். ஆனால் தம் நாட்டார் இகழப்படும்போது பேசாதிருத்தல் அவர்க்கு ஒவ்வவில்லை. எழுந்தார். தாம் சார்ந்த சமயத்தை எவரும் குறை கூறவில்லை என்பதை முதலில் குறிப்பிட்டார். சமூகத்தில் தீமைகள் உண்டு, அவை சமயத்தால் விளைந்தவை அல்ல, சமயம் இருந்தும் நிகழ்பவை, எந்த நாடும் இதற்கு விலக்கன்று எனப் பொறுமையுடன் எடுத்துக்காட்டினார்.

பின்னர் அக்பர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். மெக்காவிற்குச் சென்ற கப்பலைப் போர்ச்சுகீசியர் கைப்பற்றி, அதில் கிடைத்த குர்ஆன் படிகளை நாய்களின் கழுத்தில் கட்டித் தெருவில் ஓட்டினராம். பின்னொரு நாள் போர்ச்சுகீசியர் கப்பல் அக்பரின் வீரர் கையில் சிக்கியது. அதில் விவிலியப் படிகள் இருந்தன. அவற்றிற்கும் அதே இழிவைச் செய்ய வேண்டுமென்றார் பேரரசரின் அன்னையார். அன்னை சொல்லைத் தட்டாத அக்பர் இதற்கு மட்டும் இசையவில்லை. அவர்கள் அறியாமையால் செய்தனர், இரு நூல்களின் பெருமையையும் அறிந்த தாம் அவ்வாறு தாழ இயலாது என மறுத்துவிட்டாராம். இவ்வளவே வீர்சந்த் கூறினார். அவையினர்க்குப் பொருள் விளங்கிற்று. எதிரியைப் பெயர் சுட்டி ஒரு கடுஞ்சொல்லும் கூறாமல், விருந்தினர் என்னும் நிலையினின்று வழுவாமல், கூற வேண்டியதைக் கூறிமுடித்த திறம் வியக்கத்தக்கது. இறுதி நாளில் விடைபெறுங்கால், யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையைச் சொல்லி, அநேகாந்தவாதத்தின் பெயரையே சுமத்தாமல் அதன் சாரத்தை அவர்கள் உள்ளத்தில் பதித்துவிட்டார்.

பேரவை முடிந்தும் அவர் உடனே திரும்பவில்லை. பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் எனப் பல நகரங்களிலும் உரையாற்றினார். கேட்போர் யார் என்பதை அறிந்து பொருளைத் தேர்ந்தார். தத்துவ மாணவர்க்குக் கருமக் கொள்கை; யோகத்தில் நாட்டமுடையார்க்குத் தியானம்; பெண்கள் கூடிய அவையில் இந்திய மகளிரின் வாழ்வு. 1894-இல் கஸடாகா என்னும் ஊரினர் அவர்க்குப் பொற்பதக்கம் அளித்தனர். சிகாகோவில் அவர் பெயரால் தத்துவ சங்கம் ஒன்றும் நிறுவப்பட்டது. ஹோவர்டு அம்மையார் என்பார் புலாலை விடுத்துச் சாமாயிகம் செய்யவும் தொடங்கினார். இந்தியப் பெண் கல்விக்கென அமைத்த சங்கத்தின் செயலாளராகவும் அவர் பணியாற்றினார்.

இவ்வளவு சிறப்புடன் அவர் 1895-இல் தாயகம் திரும்பினார். இங்கு அவரை எதிர்கொண்டது என்ன? பாராட்டியோர் பலர், ஆயினும் கடல் கடந்தார், அயலாரோடு வாழ்ந்தார், ஆதலால் சங்கத்தினின்றும் விலக்க வேண்டும் எனக் கூக்குரல் எழுப்பியோரும் பலர். பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்றனர் சிலர். அவர் அங்கு நோன்பு தவறியதாகச் சான்று ஏதும் காட்டப்படவில்லை. அனுப்பி வைத்த ஆசாரியர் ஆத்மாராம்ஜி அவர் பக்கமே நின்றார். ஆனால் அவரும் 1896-இல் மறைந்தார். பல்லாயிரம் கல் தொலைவில் அயலார் காட்டிய பண்பினைத் தம்மவரிடம் அவர் பெறவில்லை என்பதை எழுதும்போது நமக்கு நெஞ்சம் கனக்கின்றது. அவை நாகரிகம் என்பது பயணம் செல்வோர் மட்டும் கற்க வேண்டியதா, வீட்டில் இருந்து வரவேற்போரும் கற்க வேண்டியதா? இன்றும் மேனாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையை, அங்கு என்ன தின்றாய் என்று குற்றவாளியைப் போல் விசாரிக்கும் உறவினர் நம்மிடையே உண்டல்லவா?

1896-இல் வீர்சந்த் மனைவியையும் மகனையும் உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் கடல் கடந்தார். எதிர்ப்புக்கு அவர் தந்த விடை இதுவே எனலாம். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் இந்தியாவைக் கொடும்பஞ்சம் வாட்டியது. முன்பு பேரவையில் அவர் பேச்சைக் கேட்ட அமெரிக்க நண்பர்களைக் கொண்டே நிவாரணக் குழு ஒன்றை அமைத்து, ஒரு கப்பல் நிறையத் தானியமும் ஏறத்தாழ 40,000 ரூபாயும் தாயகத்திற்கு அனுப்பச் செய்தார் என்பர். தாம் விலக்கப்பட வேண்டும் என்றோர் வாழும் நாட்டிற்கே அவை வந்து சேர்ந்தன.

சூரியன் மறைந்தபின் உண்ணா நோன்புடையோர்க்கு மேனாட்டில் ஒரு தனித் தொல்லை உண்டு. இலண்டனில் மார்கழியில் மாலை நான்கு மணிக்கு முன்னரே இருட்டிவிடும். ஆனித் திங்களிலோ இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். சிகாகோவிலும் குளிர்காலத்தில் நான்கரை மணிக்குள் பொழுது சாயும். அலுவலகத்திலும் கல்லூரியிலும் அந்நேரத்தில் உணவு கிடைப்பது அரிது. நம் ஊர்க் கடிகாரத்தை நம்பிச் செல்வோர் முதற்குளிர்காலத்திலேயே நோன்பை விட்டுவிடுகின்றனர். பகலுணவைப் பிற்பகலுக்குத் தள்ளி, கையில் பழமும் பருப்பு வகையும் வைத்துக்கொண்டு, உடன் பணியாற்றுவோரிடம் காரணத்தை ஒருமுறை எளிமையாகச் சொல்லிவிட்டால் இடர் பெரிதும் குறையும். புறப்படுமுன் பெற்றோர் இதனைப் பேசி முடிவுசெய்து அனுப்புதல் நலம்.

வீர்சந்த் இங்கிலாந்திலும் தங்கி வகுப்புகள் நடத்தினார். ஓய்வறியா உழைப்பு உடலை வாட்டியது. 1901-இல் நலம் குன்றித் தாயகம் திரும்பியவர், ஆகஸ்ட் 7-ஆம் நாள் பம்பாயில் காலமானார். முப்பத்தேழு வயது நிறைவதற்குப் பதினெட்டு நாட்கள் எஞ்சியிருந்தன. மஹுவாவிலும் சிகாகோவிலும் அவர்க்குச் சிலைகள் எழுந்தன; 2002-இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

இலண்டனில் அவர் நடத்திய வகுப்பிற்கு வந்தோருள் ஹெர்பர்ட் வாரன் என்னும் ஆங்கிலேயர் ஒருவர். ஆசிரியர் சொல்வதை ஒவ்வொரு நாளும் குறிப்பெடுத்தவர்; புலாலை விடுத்து, ஜைன இல்லறத்தார்க்குரிய விரதங்களை மேற்கொண்டவர். வீர்சந்த் மறைந்து பதினோராண்டுகள் கழித்து, 1912-இல், அக்குறிப்புகளைத் தொகுத்து அவர் ஒரு நூலாக வெளியிட்டார். மேனாட்டு உடையில் ஜைனம் என்பது அதற்கு அவர் இட்ட பெயர்.